எதிர் வார்டுக்காரன்

“சார், கையை எடுங்க... நான்தான் முதல்ல பிடிச்சேன்!”

“மேடம், ப்ளீஸ்... எங்கப்பாவுக்கு நெஞ்சை அடைக்குது!”

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. அதன் ஒரு கைப்பிடி அவள் கையில்... இன்னொன்று அவன் கையில்.

அவள் நிமிர்ந்து முறைத்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அவள் முறைத்தால் பக்கத்தில் வரும் லாரிக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். ஆனால் எதிரே நின்றவனுக்கு அந்த முறைப்பு போய்ச் சேரவே இல்லை. அவன் மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி. அந்தத் துளிகளுக்குப் பின்னால், தொலைந்துபோன குழந்தைபோலத் தவிக்கும் இரண்டு கண்கள்... அடர்ந்த இமைகள்... சே, இந்த நேரத்தில் என்ன பார்வை இது?

வாடகைக் காரின் பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வாசலையே அதிரவைத்தது.

“ஐயோ... போச்சு... என்னை முடிச்சுட்டீங்க எல்லாரும்! அந்தச் சட்டைப் பொத்தானைக் கழட்டுடி! விசிறு... இன்னும் வேகமா விசிறு!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, மூச்சிரைக்க ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கம், சுவரில் சாய்ந்தபடி அவளுடைய அம்மா. நெற்றியில் வேர்வை. உதட்டில், எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“விடு பாப்பா... அவரு எப்படித் துடிக்கிறாரு பாரு. எனக்கென்ன... லேசா இளைப்பு. நான் நடந்தே வந்துடுவேன்.”

வாசலில் நின்ற ஊழியர் பெரியவரைப் பார்த்தார். “நெஞ்சு வலியா? வழி விடுங்க, வழி விடுங்க!” என்று குடையோடு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் அம்மாவிடம், “உங்களுக்கு என்னம்மா?” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா... படுத்தா மூச்சு முட்டுது. அசதி.”

“உள்ள போய் உக்காருங்க. கூப்பிடுவாங்க.”

அவள் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. யாரும் பிடுங்கவில்லை... அவளாகத்தான் விட்டாள்.

மழையில் அந்த நாற்காலி பெரியவரைச் சுமந்துகொண்டு உருண்டோடியது. அவள் அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். நீண்ட தாழ்வாரம். பாதி தூரத்தில் அம்மா நின்றாள். “ஒரு நிமிஷம் பாப்பா...” என்றாள். மறுபடி நடந்தாள். மறுபடி நின்றாள். “இந்தச் செருப்புதான்... வழுக்குது” என்று செருப்பின் மேல் பழி போட்டாள். அப்புறம் அவள் உதடு ஊதா நிறமாகிப்போய், கண் செருகி, மூக்குக் கண்ணாடி தெறித்து விழ, தரையில் சரிந்தாள்.

“அம்மா!”

அந்த அலறலுக்கு முதலில் ஓடி வந்தவன் அவன்தான். அப்பாவை உள்ளே ஒப்படைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து அம்மாவை அப்படியே இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் பின்னாலேயே ஓடினாள்... கையில் அம்மாவின் ஒரு செருப்பு மட்டும்.

*

டாக்டரம்மா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. இதயப் பிரிவின் வெளியே போட்டிருந்த பெஞ்சின் ஒரு மூலையில் அவள்... மறு மூலையில் அவன். நடுவில் அவன் அம்மா.

“ரெண்டு பேரும் பிழைச்சுக்கிட்டாங்க” என்றார் டாக்டரம்மா. “வியாதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஹார்ட் ஃபெயிலியர். இதயம் நின்னுபோறதுன்னு நினைச்சுக்காதீங்க. அதால தன் வேலையைச் சரியாச் செய்ய முடியல... அவ்வளவுதான்.”

“ஒரே வியாதியா டாக்டர்?” என்றான் அவன். “எங்கப்பா அப்படிக் கத்தினாரு... இவங்கம்மா சத்தமே போடலையே...”

“பேருதான் ஒண்ணு. இதயம் ரெண்டும் ரெண்டு தினுசு. உங்கப்பாவுக்குப் பழைய மாரடைப்பு ஒண்ணு இருக்கு. அதுல தசை தளர்ந்துபோச்சு, ரத்தத்தை அழுத்தித் தள்ள வலு இல்ல. இவங்கம்மா இதயம் நல்லாத்தான் அழுத்துது. ஆனா இறுகிப்போயிருக்கு, தளர்ந்து விரிய மாட்டேங்குது. உள்ள வர்ற ரத்தத்துக்கு இடமில்லாம நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. ஆம்பளைங்ககிட்ட முதல் தினுசை அதிகமாப் பார்க்கறோம். பொம்பளைங்ககிட்ட இந்த ரெண்டாவதை.” கொஞ்சம் நிறுத்தினார். “நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தா எல்லாரும் ஓடுறோம். இளைப்பு, அசதி, கால் வீக்கம்னு வந்தா வயசாயிடுச்சுன்னு விட்டுடறோம். வீட்டுலயும் சரி... இங்கயும் சரி. உங்கம்மாவை நடக்க விட்டிருக்கக் கூடாது. அது எங்க தப்பு.”

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “எவ்வளவு நாளாம்மா தலையணை அடுக்கி வச்சுப் படுக்கறாங்க?”

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

“கொஞ்ச... நாளா...”

பொய். எவ்வளவு நாளாக என்று அவளுக்குத் தெரியாது. ‘இன்னொரு தலையணை வேணும் பாப்பா’ என்று அம்மா கேட்டபோது கடைக்குப் போய்ப் பூப்போட்ட உறையாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவள் அவள்தான். ‘எதுக்கும்மா?’ என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. ‘எப்பப் பாரு அசதி, அசதி... கொஞ்சம் நடந்தாத்தானே உடம்பு குறையும்?’ என்று சொல்லத்தான் தோன்றியது.

தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சின் மறு மூலையிலிருந்து அவன் தன்னைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

*

ஆண்கள் வார்டும் பெண்கள் வார்டும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு தாழ்வாரம்தான்.

ஆண்கள் வார்டில் பார்வையாளர் நேரம் ஒரு திருவிழா. கட்டிலுக்குக் கட்டில் மனைவி, மகள், தங்கை, மருமகள்... ஒருத்தி கால் பிடிப்பாள், ஒருத்தி ஆரஞ்சு உரிப்பாள். “உப்பே இல்லாம இதை மனுஷன் திம்பானா?” என்று கட்டிலில் இருப்பவர்கள் தட்டைத் தள்ளுவார்கள்.

பெண்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு போன்தான் துணை.

“மேல் அலமாரில பாருங்க... அது இல்ல, நீல மூடி போட்ட டப்பா... அடுப்பை அணைச்சீங்களா?” என்று ஒரு அம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களிடமெல்லாம், “என்னை எப்ப விடுவீங்க? வீட்டுல பார்த்துக்க ஆளில்ல” என்பாள். தன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள.

அந்த வார்டின் வாசலில்தான் மறுநாள் அவன் வந்து நின்றான். கையில் ஒரு சின்னப் பெட்டி.

“உள்ள வரலாமா?”

“எதுக்கு? இன்னும் ஏதாவது நாற்காலி வேணுமா?” என்றாள் அவள், வெடுக்கென்று.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது... ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவா முடியும்?

“யாரு பாப்பா?” என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. “என்னைத் தூக்கிட்டு ஓடின தம்பியா? வாப்பா! ரொம்பக் கனமா இருந்தேனா?”

“ஐயோ, இல்லம்மா... உங்க கண்ணாடி உடைஞ்சுதுன்னு நர்ஸ் சொன்னாங்க. அதைச் சரிபண்ணலாம்னு... என் தொழில் அதுதான். கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்.”

கட்டிலோரம் உட்கார்ந்தான். நகத்தளவு திருகாணி, ஊசிபோல ஒரு திருப்புளி... வளைந்த காம்பை நிமிர்த்தி, கழன்ற திருகைப் போட்டு, அம்மாவின் முகத்தில் பொருத்திப் பார்த்தான். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டான். அந்தச் சாக்கில் அம்மா, மகள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் என்பதுவரை சொல்லிவிட்டாள். கழற்றி, இன்னும் கொஞ்சம் வளைத்து, மறுபடி மாட்டினான். எவ்வளவு பொறுமை...

“என் மூஞ்சிய இவ்வளவு நேரம் யாரும் உத்துப் பார்த்ததே இல்ல தம்பி” என்று அம்மா சிரித்தாள்.

சிரிப்புதான். ஆனால் மகளுக்கு எங்கோ குத்தியது.

“நீங்களும் ஒரு தடவை கண்ணைச் சோதிச்சுக்கங்க டீச்சர்” என்றான் பெட்டியை மூடிக்கொண்டே. “தூரத்துல பார்க்கும்போது கண்ணைச் சுருக்கறீங்க.”

“நான் எப்ப தூரத்துல பார்த்தேன்?”

“எதிர் வார்டைப் பார்க்கும்போது...”

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. வெளியே மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

*

அதற்குப் பிறகு அவன் தினமும் வந்தான். ஒரு நாள் பத்திரிகையோடு... ஒரு நாள், அம்மா சாய்ந்தபடியே குடிக்க ஒரு ஸ்ட்ராவோடு. சாயங்காலம் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரே மேஜையில் காபி குடிக்கும் அளவுக்கு வந்தது.

“டீச்சர், கேட்கணும்னு இருந்தேன். நீங்க எல்லாரையும் இப்படித்தான் முறைப்பீங்களா?”

“சிகப்பு விளக்குல போறவங்களை மட்டும்.”

“நான் எங்க போனேன்?”

“வந்த அன்னிக்கே போனீங்க.”

அவன் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“அது என்னைத் தூங்க விடாம உறுத்துதுங்க. உங்கம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தேன். பார்த்துட்டும் இழுத்தேன். அதுதான்... உங்க முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு.”

இவன் எதற்குக் குறுகிப்போகிறான்? குறுக வேண்டியவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாளே...

“நீங்க இழுக்கல” என்றாள் மெல்ல. “நான்தான் விட்டேன். அம்மாவுக்கு அவ்வளவு மோசமா இருக்காதுன்னு நினைச்சேன். இல்ல... அதுகூட இல்ல. எப்பவும் போல அம்மா சமாளிச்சுக்குவாங்கன்னு நினைச்சேன். எங்கம்மா உக்காந்துக்கிட்டே தூங்கினாங்க. நான் பார்த்துக்கிட்டே வேலைக்குப் போனேன். எட்டிப் பார்த்து, டிவி பார்க்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டு... இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

கண்ணீர் காபியில் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து போய், அந்த ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு, சூடாக இன்னொன்று கொண்டுவந்து வைத்தான்.

பெரிய பெரிய வார்த்தைகளைவிட அது அவளுக்கு இதமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... இன்று மழைத்துளி இல்லை. தெளிவாகத் தெரிந்தன. பார்த்த மாத்திரத்தில் இருவருமே பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்கள்.

*

அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு நாள் மதியம் அவள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். முன்னால் அவன் அம்மா. ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் துவைத்த துணிப் பை. நாலைந்து படி ஏறுவாள், நிற்பாள். யாராவது வந்தால் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிவாள். அவர்கள் கடந்ததும் மறுபடி ஏறுவாள்.

இந்த நடிப்பு அவளுக்குத் தெரியும். ‘செருப்பு வழுக்குது’ என்ற அதே நடிப்பு.

“குடுங்கம்மா, நான் தூக்கிட்டு வரேன்” என்று பையை வாங்கினாள். அந்த அம்மாவின் கால் பளபளவென்று வீங்கியிருந்தது. செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

“கால் எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?”

“இதுவா? நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான். அவன்கிட்ட சொல்லிடாதம்மா... பாவம், அப்பாவைப் பார்க்கவே அவனுக்கு நேரம் சரியா இருக்கு.”

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அன்று கேன்டீன் மேஜையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். “உங்கம்மாவை டாக்டர்கிட்ட காட்டுங்க. கால் வீங்கியிருக்கு. படி ஏற முடியல. பார்த்தா எனக்கு பயமா இருக்கு.”

அவன் சிரித்தான். “எங்கம்மாவா? இரும்புங்க அவங்க. எங்கப்பாவுக்கு ராப்பகலா வேலை செய்யறாங்களே, பார்க்கலையா?”

“அதைத்தான் சொல்றேன். நீங்க கூட இருந்து பார்க்கறதால தெரியல...”

“என்ன தெரியல?” சிரிப்பு மறைந்தது. அப்பாவின் அதட்டல், தூக்கமின்மை, பூட்டிக் கிடக்கும் கடை... எல்லாம் சேர்ந்து அவன் குரலில் ஏறியது. “நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணைப் பார்க்கிறவன் நான். என் அம்மாவைப் பார்க்கத் தெரியாதா எனக்கு? உங்கம்மாவை நீங்க கவனிக்காம விட்டீங்க. அந்தக் குத்த உணர்ச்சியைக் கொண்டுவந்து எங்க வீட்டுத் தலையில கட்டாதீங்க!”

கேன்டீன் இரைச்சலில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

யாரிடமும் சொல்லாததை இவனிடம் சொன்னாள்... அதையே எடுத்து அவள் முகத்தில் வீசிவிட்டான். முகமெல்லாம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. கோபம்கூட வரவில்லை. அவன் சொன்னது நிஜம்தானே? நிஜத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது?

எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். போய்விட்டாள்.

*

வார்டுக்குத் திரும்பியவன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தான். மனசு எதிலும் ஒட்டவில்லை. என்ன பேச்சுப் பேசிவிட்டோம்... அந்தப் பெண் எப்படி எழுந்து போனாள்... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

“இவளே! தண்ணி!” என்றார் அப்பா.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள்... எழுந்ததும் நின்றாள்... நெஞ்சு ஏறி இறங்கியது... அப்புறம்தான் நடந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இது இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. வீட்டில் சமையலறை வாசலில், மொட்டைமாடியில், கடைத் தெருவில்... எல்லா இடத்திலும் அம்மா இப்படித்தான் நின்று நின்று வந்தாள். அவன் தினமும் பார்த்தான்.

“அம்மா... காலைக் காட்டு.”

“எதுக்குடா? சும்மா இரு.”

அவன் தரையில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்தான். பள்ளம் அப்படியே நின்றது... மாவில் அழுத்திய மாதிரி.

“எவ்வளவு நாளா?”

“உங்கப்பாவுக்கு ஆகட்டும்டா... அப்புறம் நிதானமாப் பார்த்துக்கலாம்னு...”

அவன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டான். முகத்தைக் காட்ட முடியவில்லை. யாரிடம் எந்த வாயால் என்ன பேசிவிட்டு வந்திருக்கிறான்!

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, “அதே இறுக்கம்தான். நல்லவேளை, சரிஞ்சு விழறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்தீங்க. யாரு கவனிச்சது?” என்றார்.

“எதிர் வார்டுல... ஒரு டீச்சர்” என்றான் அவன். அதைச் சொல்லும்போது குரல் உள்ளேயே செத்துப்போயிற்று.

*

மறுநாள் வேலை முடித்து வந்த அவள், அம்மாவின் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“வாம்மா!” என்றாள் அவன் அம்மா. மூக்கில் குழாய். முகத்தில், அன்று தன் அம்மாவின் உதட்டில் பார்த்த அதே அசட்டுச் சிரிப்பு. “என்னையும் படுக்க வச்சுட்டான் பாரு.”

‘பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல’ என்று அவளுக்குத் தோன்றவில்லை. நேராகப் போய் அந்த அம்மாவின் கலைந்த தலையை வாரிப் பின்னிவிட்டாள். “ஒரு பக்கம் சாய்ஞ்சு உக்காருங்க, சுலபமா இருக்கும்” என்று தலையணையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் வார்டே அமைதியானது. வாசலில் பெரியவர். மருந்து பாட்டில் மாட்டிய கம்பை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு கோப்பை பாலோடு... தாழ்வாரத்தைத் தாண்டி அவரே நடந்து வந்திருந்தார். பின்னால், அவர் விழுந்தால் பிடிக்கத் தயாராக அவன்.

பெரியவர் மனைவியின் கட்டிலருகே நின்றார். இருமினார். கோப்பையைப் பார்த்தார்.

“இவளே... பால்ல உனக்குச் சர்க்கரை போடணுமா... வேண்டாமா?”

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஊரையே கூட்டுகிற அந்தக் குரல் கம்மிப்போயிற்று. தலை தானாகத் தாழ்ந்தது.

“சர்க்கரை வேண்டாங்க” என்றாள் அந்த அம்மா. “சூடா இருந்தாப் போதும். எல்லாருக்கும் குடுத்துட்டுக் கடைசில குடிச்சு... சூடாக் குடிச்சதே இல்ல.”

பெரியவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. கம்பைத் திருப்பிக்கொண்டு, நர்ஸ்கள் அறைப் பக்கம் தள்ளாடித் தள்ளாடிப் போனார். “சிஸ்டர்... இதைக் கொஞ்சம் சுட வச்சுத் தர்றீங்களா?” என்று கெஞ்சுவது கேட்டது.

அந்த அம்மா முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவளும் பார்த்தாள்... ஒரு கணம்தான். பையை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் வரும் நேரத்தில் அவள் இருப்பதில்லை. அவள் இருக்கும் நேரத்தில் அவன் வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிவிடுவான். “என்ன, உள்ள வராமயே போறான்?” என்று இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

“டீச்சர், உங்களுக்குப் புது ஸ்டூடன்ட். கார்ல உக்காந்திருக்காரு” என்றார் டிரைவிங் ஸ்கூல் முதலாளி.

அவள் குடையை மடக்கி, காருக்குள் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே திரும்பினாள்.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அவன்.

“நீங்களா? இறங்குங்க.”

“பழகுநர் உரிமம் வாங்கிட்டேன் டீச்சர். பணமும் கட்டிட்டேன்...”

“எதுக்கு இந்த நாடகம்?”

“நாடகம் இல்ல. அப்பாவுக்கு அப்படி ஆனப்ப வாடகைக் காருக்காக மழையில நின்னுக்கிட்டிருந்தேன். இனிமே வீட்டுல ரெண்டு பேரு நோயாளி. ஓட்டத் தெரிஞ்சே ஆகணும்.” அவள் பக்கம் திரும்பினான். “இந்த ஊர்ல வேற டிரைவிங் ஸ்கூலும் இருக்கு. ஆனா... உங்ககிட்ட பேச எனக்கு வேற வழி தெரியல.”

அவள் முன்னால் பார்த்தாள். “கிளட்சை அழுத்துங்க. முதல் கியர். மெதுவா விடுங்க.”

கார் துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது. ஒருவழியாகத் தெருவுக்கு வந்தது. அவன் பேச ஆரம்பித்தான்... ரோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்து.

“அன்னிக்கு நான் பேசினது... என் நாக்கையே அறுத்துப் போடலாம் போல—”

“முன்னாடி பாருங்க!”

“நீங்க நம்பிச் சொன்னதை எடுத்தே உங்களை அடிச்சுட்டேன். இதுக்கு மன்னிப்புன்னு ஒண்ணு—”

“பிரேக்... பிரேக்!”

அவளே தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. எதிரே ஒரு சைக்கிள்காரர் எதையோ திட்டிக்கொண்டே போனார். வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்னதுல தப்பில்ல” என்றாள் அவள், காரின் முன்கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு. “அதான் கஷ்டம். என்னோட ரொம்ப மோசமான முகத்தைப் பார்த்த ஒரே ஆள் நீங்கதான். அதனாலதான் உங்க எதிர்ல நிக்க எனக்கு உடம்பு கூசுது. கோபத்துல ஒளிஞ்சுக்கலைங்க... அவமானத்துல ஒளிஞ்சுக்கிட்டேன்.”

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது. துடைக்க ஒன்றும் கிடைக்காமல் சட்டை நுனியில் துடைத்தான்.

“என் மோசமான முகத்தையும் நீங்க ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்க. என் அம்மாவைப் பார்க்காத முகம். அதைச் சுட்டிக்காட்டினா கடிக்க வர்ற முகம்.” கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டான். “நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மறைக்க ஒண்ணுமே மிச்சமில்லையே டீச்சர். அந்தத் தைரியத்துலதான் கேக்கறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் எதையாவது பார்க்காம விட்டா, நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும். நான் கத்தினாலும் சொல்லணும்.”

அவள் முகம் சூடாகியது. இத்தனை நாளாக அவனை நினைத்தாலே வந்த அதே சூடு... ஆனால் இன்று ஓடி ஒளியத் தோன்றவில்லை.

“எனக்கு... வெட்கமா இருக்கு” என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பி.

அவன் முகம் விழுந்துவிட்டது. “இன்னுமா? நான் பேசினது இன்னும் மனசுல...”

“ஐயோ!” அவள் சட்டென்று திரும்பினாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. “இது அந்த வெட்கம் இல்லைங்க... மக்கு!”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியை மாட்டத் தெரியாமல் தலைகீழாக மாட்டிக்கொண்டான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன.

“ஸ்டார்ட் பண்ணுங்க” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நேரா போய் இடது பக்கம்... ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு அம்மாவும் ஒரே கட்டில்ல உக்காந்து நம்மளைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருப்பாங்க. நாமளே போய்ச் சொல்லிடலாம்.”

“நானா? மெயின் ரோட்டுலயா? எனக்கு பயமா இருக்கு டீச்சர்...”

அவன் கை கியரை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் அதன் மேல் தன் கையை வைத்தாள்.

“ஓட்டுங்க... நான் பக்கத்துலதான் இருக்கேன்.”